உடற்குறையுள்ள நாயைத் தத்தெடுக்கும் முன்: நான்கு நாய்கள், ஓர் ஒப்பீடு

மேடவாக்கத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பதியர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்; ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விலங்குக் காப்பகம் ஒன்றுக்குப் போனவர்கள், அங்கே பார்த்த நான்கு நாய்களை மறக்க முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். ஒன்றுக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. ஒன்று வாகனம் மோதி இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஒன்றுக்கு இரு கண்ணும் தெரியாது. நான்காவது, யாரோ வாங்கி வளர்த்துப் பிறகு சாலையில் விட்டுப் போன, வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் இன நாய். அதற்குக் காது கேட்காது. "நாலுமே பாவம்தாங்க. எதை எடுக்கிறதுன்னு புரியலை" என்றார் அந்தப் பெண்மணி.

பாவம் பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பின்னங்கால் இரண்டும் செயலிழந்த செவலை என்ற நாட்டு நாயை நான்கரை ஆண்டுகள் வளர்த்தேன். இப்போது கண் தெரியாத ஒரு கிழட்டு நாய் என் வீட்டில் இருக்கிறது. இரண்டுமே அன்பான பிராணிகள். ஆனால் அவை என்னிடம் கேட்ட உழைப்பு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தெரியும் குறை வீட்டில் ஒரு வேலையும் வைக்காமல் போகலாம். லேசாகத் தெரியும் குறை நாள் முழுவதையும் விழுங்கிவிடலாம். ஆகவே நாய்களை ஒப்பிடும் முன் எதை வைத்து ஒப்பிடுவது என்று முடிவு செய்துகொள்வோம்.

## முதலில் அளவுகோல்கள்

முதலாவதும் முக்கியமானதும், குறை முடிந்துபோனதா, இன்னும் நடந்துகொண்டிருப்பதா என்பது. கால் எடுக்கப்பட்டுத் தையல் ஆறிவிட்ட நாய்க்கு அந்த விபத்து முடிந்துபோன கதை. கண்ணழுத்த நோயால் பார்வை போய்க்கொண்டிருக்கும் நாய்க்கு நோய் இன்றும் உள்ளே வேலை செய்கிறது, வலியும் இருக்கலாம். காப்பகத்தில் இரண்டையும் "குறையுள்ள நாய்" என்று ஒரே பலகையில் எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டின் கடிகாரம். எத்தனை மணி நேரம் அன்பு செலுத்துவீர்கள் என்பது இங்கே கணக்கில்லை. காலை ஆறு மணிக்கும், மதியம் ஒரு மணிக்கும், இரவு பத்து மணிக்கும் யாருடைய கை வீட்டில் இருக்கும் என்பதுதான் கணக்கு. மூன்றாவது, தரையும் படியும். நம் ஊர் வீடுகளில் வழுவழுப்பான டைல்ஸ் தரை எங்கும் வந்துவிட்டது. லிப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடங்கள் ஏராளம். முழு வளர்ச்சியடைந்த நாட்டு நாய் பெரும்பாலும் 15 கிலோவுக்குக் குறையாது என்பதையும், அதைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு மூன்று முறை படியேற வேண்டி வரலாம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நான்காவதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை: நீங்கள் ஊருக்குப் போகும் நாட்கள். பொங்கல், சித்தப்பா மகள் கல்யாணம், திடீரென ஒரு சாவு என்று ஆண்டில் பத்துப் பதினைந்து நாளாவது வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கும். அப்போது நாயை யார் பார்ப்பார்கள்? கடைசியாகத்தான் பணம், அதிலும் ஒரே முறை ஆகும் செலவையும் மாதாமாதம் வரும் செலவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாய்களுக்கான காப்பீடு இப்போது கிடைக்கிறது என்றாலும், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த குறைக்கு அதில் பொதுவாக இடம் கிடையாது.

## நான்கு நாய்க்கும் பொதுவானவை

தடுப்பூசி போட்ட விவரம் தெரியாத தெருநாய் திடீரெனப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்தால், அடிபட்டதால்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெறிநோயில் ஒரு வகை ஆவேசமில்லாமல் வாதமாகவே வெளிப்படும். தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. நோய் வெளிப்பட்ட நாய் ஏறக்குறைய பத்து நாளுக்குள் இறந்துவிடும். இதனால், தெருவில் கண்ட நாயை நேராக வீட்டுக்குத் தூக்கி வருவதைவிட, காப்பகத்தில் பல வாரங்கள் இருந்து தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த நாயை எடுப்பதே பாதுகாப்பானது. வீட்டில் நாயைக் கையாளப் போகிறவர்கள், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

உண்ணியால் வரும் காய்ச்சல் நம் ஊர் நாய்களுக்கு எப்போதும் உள்ள ஆபத்து. தன் உடம்பைத் தானே சொறியவோ கடித்துக்கொள்ளவோ முடியாத நாய்க்கு உண்ணி இரண்டு மடங்கு தொல்லை என்பதால், மாத மருந்தைத் தவற விடக் கூடாது. மாநகராட்சி உரிமம் எல்லா நாய்க்கும் வேண்டும். அடுக்ககச் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று விதி போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வீட்டு உரிமையாளரோடு ஒவ்வொரு மாதமும் முகம் பார்த்துப் பேச வேண்டியவர் நீங்கள். வாடகை வீடு என்றால் முதலில் அவரிடம் பேசி, சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## மூன்று கால் நாய்

நால்வரில் மிகக் குறைவாக வேலை வைப்பது இதுதான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் மிக அதிகமாக உச்சுக்கொட்டுவதும் இதைப் பார்த்துத்தான். கால் எடுத்த சில வாரங்களிலேயே நாய் தன் நடையை மாற்றிக்கொள்கிறது. ஓடுகிறது, திண்ணை ஏறுகிறது, பூனையைத் துரத்துகிறது.

இருந்தாலும் எந்தக் கால் என்பதைக் கேளுங்கள். நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. ஆகவே பின்னங்கால் இழந்த நாயைவிட முன்னங்கால் இழந்த நாய்க்குச் சிரமம் கூடுதல். முக்கியமாகப் படி இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றை முன்னங்காலில் விழும். அடுத்து, கால் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று தடவிப் பாருங்கள். தோள் அல்லது இடுப்பு அருகே முழுவதுமாக எடுக்கப்பட்டிருந்தால் நல்லது. பாதியில் வெட்டுண்டு மொட்டையாக நிற்கும் கால் தரையில் ஊன்ற முயலும்போதெல்லாம் உரசிப் புண்ணாகும். இப்படிப்பட்ட நாய்க்கு இன்னோர் அறுவை சிகிச்சை காத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு மூட்டில் இருக்கிறது. நான்கு காலின் பாரத்தை மூன்று தாங்குவதால், எட்டு ஒன்பது வயதில் மூட்டுத் தேய்மானம் மற்ற நாய்களைவிட முன்னதாகத் தெரியலாம். இதற்கு மருந்தைவிடப் பெரிய பாதுகாப்பு எடையைக் கட்டுப்படுத்துவது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பாவம் என்று பார்ப்பவரெல்லாம் கையில் பிஸ்கட்டோடு வருவார்கள், அதை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. டைல்ஸ் தரையில் நாய் நடமாடும் பாதைக்கு மட்டும் ரப்பர் பாய் போடுங்கள், நகத்தையும் பாத முடியையும் வெட்டி வையுங்கள். இவ்வளவுதான். பகலில் ஆளில்லாத வீட்டுக்கும், முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்கும், அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கும் பின்னங்கால் ஒன்றை இழந்த நாய் தயங்காமல் பொருந்தும்.

## பின்னங்கால் செயலிழந்த நாய்

நான் அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான். ஆர்வத்தோடு எடுத்துப் போய் ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடப்படும் நாய்களில் இந்த வகையை நான் பலமுறை பார்த்துவிட்டேன். காரணம் இரக்கக் குறைவு அன்று. சக்கர வண்டியில் நாய் ஓடும் படத்தைப் பார்த்து எடுத்தவர்களுக்கு, அந்த வண்டி நாளில் ஓர் அரைமணி நேர விஷயம் என்பதையும், மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் சிறுநீர்ப்பையைச் சுற்றியே நடக்கிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை.

தண்டுவடம் அறுபட்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிறுநீர் நிறைந்திருப்பதும் தெரியாது, கழிக்கவும் தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாம்தான் கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். செவலையை எடுத்து வந்தபோது காப்பகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நாயைக் கழிவுநீர்த் துளை ஓரமாக நிற்க வைத்து, இடுப்பின் கீழே துண்டால் தாங்கிக்கொண்டு, பின்தொடைக்குச் சற்று முன்னால் வயிற்றின் இருபுறமும் என் உள்ளங்கைகளை வைத்தார். "பிழியக் கூடாதுக்கா. எலுமிச்சம்பழத்தைக் கைக்குள்ள பொத்திக்கிற மாதிரி பிடிச்சு, மெதுவாப் பின்பக்கமாத் தள்ளுங்க" என்றார். முதல் இரண்டு நாள் எனக்குக் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் வேறுபாடே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, நீர் நிரப்பிய பலூன்போல ஒன்று விரல்களுக்கு நடுவே நழுவியது. அழுத்தியதும் சீராகப் பாய்ந்து, கடைசியில் அது எலுமிச்சை அளவுக்குச் சுருங்கி நின்றது. அந்த உணர்வு கைக்கு வந்த பிறகு மூன்று நிமிட வேலை. வராதவரை ஒவ்வொரு வேளையும் பதற்றம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. "இது தானாகவே போய்விடும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி நாயைக் கொடுத்தால் அப்படியே ஏற்காதீர்கள். நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிவதையும் தானாகக் கழிப்பதையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம். நிரம்பியே கிடக்கும் பை தொய்ந்துபோகும், கிருமி சேரும், சிறுநீரகம் வரை தொற்று ஏறும். நாய் கழித்த பிறகு கால்நடை மருத்துவர் பையைத் தொட்டுப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லட்டும். நடுமுதுகில் அடிபட்ட நாய்க்குச் சிறுநீர் வெளியேறும் வழியின் தசை இறுகி இருப்பதால் அழுத்துவது கடினம். இடுப்புக்கு அருகே அடிபட்ட நாய்க்கு அந்தத் தசை தளர்ந்திருப்பதால் அழுத்துவது எளிது, ஆனால் எந்நேரமும் கசியும். முதலாவதற்குக் கைப்பக்குவம் வேண்டும், இரண்டாவதற்கு டயபர் செலவு கூடும்.

இன்னொரு கேள்வி, "இது மறுபடி நடக்குமா?" என்பது. பாதத்தைக் கிள்ளியதும் கால் மடங்குவதைப் பார்த்து உணர்வு இருக்கிறது என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். மூளைக்குச் செய்தி போகாமலே தண்டுவடம் தானாகச் செய்யும் அனிச்சைச் செயல் அது. கிள்ளும்போது நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்கவாவது வர வேண்டும்; அப்போதுதான் உணர்வு இருப்பதாகப் பொருள். முதுகெலும்பு முறிந்து இந்த ஆழ்ந்த வலியுணர்வும் போய்விட்ட நாய் இயல்பாக நடப்பது மிக அரிது. மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு அனிச்சையாகவே தட்டுத்தடுமாறி நடக்கும் நாய்கள் சில உண்டு என்றாலும், அதை எதிர்பார்த்து எடுக்காதீர்கள். இன்று இருப்பதுபோலவே இன்னும் பத்தாண்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு உங்களால் முடியுமா என்று யோசியுங்கள்.

புண் பற்றிச் சொல்லியாக வேண்டும். உணர்வில்லாத காலைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் தோல் உரிவது நாய்க்குத் தெரியாது. செவலை வந்த இரண்டாம் மாதம், ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை, தொடை இடுக்கில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்த புண்ணை டயபருக்கு அடியில் நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாடை அடித்தது. விலக்கிப் பார்த்தால் புழு வைத்திருந்தது. நம் வெப்பத்தில் ஈ மொய்த்த புண்ணில் ஒரு நாளிலேயே புழு நெளியத் தொடங்கிவிடும். மருத்துவர் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தபோது செவலை என் கையை நக்கிக்கொண்டே இருந்தது. அதற்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது. அன்றிலிருந்து தினமும் இரவு, டார்ச் விளக்கோடு இடுப்புக்குக் கீழே ஒவ்வொரு மடிப்பாகப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. டயபரை நாள் முழுவதும் கட்டி வைக்காமல், உள்ளே ஆள் இருக்கும் நேரத்தில் கழற்றிக் காற்றாட விடுவதும், வழுக்கும் துணியில் ஓர் இழுவைப் பை தைத்துப் பின்னங்காலுக்கு மாட்டுவதும் பெருமளவு காப்பாற்றும்.

சக்கர வண்டியை நாயின் உயரம், நீளம், இடுப்பளவு எடுத்துத்தான் செய்ய வேண்டும். வேறொரு நாயின் வண்டி பொருந்தினால் அது அதிர்ஷ்டம். பிவிசி குழாயில் வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. எதுவானாலும் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மாட்ட வேண்டும், அதுவும் கண் பார்வையில். வண்டியில் மாட்டிய நாயால் படுக்க முடியாது. கவிழ்ந்தால் எழவும் முடியாது.

மாதச் செலவில் டயபர், கையுறை, துடைப்புத் துணி, அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை, தொற்று வந்தால் மருந்து எல்லாம் சேரும். என் கணக்கில் மாதம் 3,500 ரூபாய்க்குக் குறைந்ததில்லை, தொற்று வந்த மாதங்களில் அது இரட்டிப்பானது. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவக்கூடியது என்பதால், அதற்கான தடுப்பூசி நாய்க்கும் கையுறை உங்களுக்கும் கட்டாயம். ஊருக்குப் போகும் நாட்களோ இதில் மிகப் பெரிய செலவு. நாய்களைத் தங்க வைக்கும் இடங்களில் சிறுநீர் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. நான்கரை ஆண்டில் நானும் என் தங்கையும் ஒன்றாக ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை, ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த நாயை யாருமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். செவலை அழுதுகொண்டு கிடந்த நாய் அன்று. காலை ஐந்தரைக்குப் பால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் முன்னங்கால்களால் தரையைத் துழாவிக்கொண்டு வாசலுக்கு விரைந்து, கேட்டுக்கு அடியில் மூக்கை நீட்டிக் குரைக்கும். அவர் பதிலுக்கு இரண்டு முறை மணி அடித்தால்தான் திரும்பும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், பணி ஓய்வு பெற்று உடல் திடமாக இருப்பவர், தரைத்தளத்தில் குடியிருக்கும் கூட்டுக் குடும்பம் ஆகியோருக்கு இது மிகப் பொருத்தமான நாய். ஒரே நிபந்தனை, சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொண்ட கைகள் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு இருக்க வேண்டும்.

## கண் தெரியாத நாய்

நாய் முதலில் மூக்காலும், அடுத்து காதாலும், அதன் பிறகே கண்ணாலும் உலகை அறிகிறது. ஆகையால் பழகிய வீட்டில் கண் தெரியாத நாயைப் பார்ப்பவர் அதற்குப் பார்வையில்லை என்று சொன்னால் நம்புவதில்லை. இரண்டு வாரத்தில் வீட்டின் வரைபடம் அதன் தலைக்குள் வந்துவிடும். அதன் பிறகு நாற்காலியை நகர்த்தாமல் இருப்பது நம் கடமை. மாடிப்படியின் தலைப்பில் தென்னை நார்க் கால்மிதி ஒன்றைப் போட்டால், சொரசொரப்பு காலில் பட்டதும் நின்றுவிடக் கற்றுக்கொள்ளும். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதன் கழுத்தில் ஒரு மணி கட்டுங்கள்.

ஆபத்து நாம் எதிர்பாராத இடங்களில் இருக்கிறது. தண்ணீர் லாரி வந்த நாளில் மூட மறந்த தரைத்தொட்டி, கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடி, கிணறு, அகன்ற இடைவெளியுள்ள பால்கனிக் கம்பி ஆகியவற்றை நாய் வருவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். தீபாவளி வாரத்தில் இந்த நாய்க்கு உங்கள் துணை தேவை. வெடிச்சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும் முடியாமல், பழகிய வழியையும் மறந்து முட்டிக்கொள்ளும்.

இந்த நாய் விஷயத்தில் முதல் அளவுகோலைக் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்வை ஏன் போனது? விபத்தில் போய் ஆறிவிட்ட கண், வலிதந்த விழியை அறுவை சிகிச்சையில் எடுத்துத் தைத்துவிட்ட கண் ஆகியவை முடிந்த குறைகள். தைத்து மூடிய இமை பார்க்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் அந்த நாய்க்கு அங்கே வலி இல்லை. மாறாக, பெரிதாகப் பிதுங்கிச் சிவந்து, ஓயாமல் நீர் வடியும் கண் முழுதாக இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி வலித்துக்கொண்டிருக்கலாம். நீரிழிவால் வந்த கண்புரை என்றால் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட வேண்டும். உலர்கண் நோய் என்றால் ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து. உண்ணிக் காய்ச்சலால் வந்த கண் அழற்சியும் உண்டு. சென்னையில் இருப்பவர்கள் எடுக்கும் முன் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணைக் காட்டி, காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். 1903 முதல் இயங்கும் அந்த அரசுக் கல்லூரியில் தனியாரைவிட மிகக் குறைந்த செலவில் பார்ப்பார்கள். காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

காரணம் முடிந்த ஒன்றென்றால், பகலில் சில மணி நேரம் பூட்டியிருக்கும் வீட்டுக்கும் இந்த நாய் ஒத்துவரும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும், ஓயாமல் சாமான்களை இடம் மாற்றும் வீட்டுக்கும் ஒத்துவராது.

## காது கேளாத நாய்

வெள்ளை நிறத்துக்கும் பிறவிச் செவிடுக்கும் தொடர்பு உண்டு. உட்செவியில் நிறமி அணுக்கள் இல்லாதபோது கேட்கும் உணர்வணுக்கள் பிறந்த சில வாரங்களில் செத்துவிடுகின்றன. டால்மேஷியன்களில் ஏறத்தாழ 100-க்கு 8 இரு காதும் கேளாதவை, 22 ஒரு காது கேளாதவை என்பது அமெரிக்க ஆய்வுகளின் கணக்கு. நம் ஊர் இராஜபாளையம் நாய்களின் தூய வெள்ளை வம்சத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குப் பழகிய செய்தி. வாங்கியவர்கள் பல மாதம் "அடங்காத நாய், கூப்பிட்டால் வராது" என்று அடித்துவிட்டு, பிறகு தெருவில் விடுகிறார்கள். இந்த நாய்களில் பலவற்றுக்குக் குறையைவிட, அந்த அடியால் வந்த மிரட்சிதான் பெரிய சிக்கல்.

உடல்ரீதியாக இந்த நாய்க்கு ஒரு செலவும் இல்லை. மாதச் செலவு மற்ற நாய்களுக்கு ஆவதுதான். ஆனால் நீங்கள் ஒரு புது மொழி கற்க வேண்டும்: உட்காருவதற்கு ஒரு கையசைவு, வருவதற்கு ஒன்று, "நல்ல பையன்" என்பதற்குக் கட்டைவிரல். தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்தால், சில வாரத்தில் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது வழக்கமாகிவிடும். பிறகு அதுதான் உங்கள் கூப்பிடு குரல். இரவில் விளக்கைச் சட்டென்று அணைத்துப் போட்டுக் கூப்பிடலாம். தூங்கும்போது தோளைத் தட்டி எழுப்பினால் பதறிக் கடிக்கக்கூடும் என்பதால், மூக்கருகே கையைக் காட்டி வாடையால் எழுப்பப் பழக வேண்டும்.

ஒரு விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது: வேலியில்லாத இடத்தில் கயிறில்லாமல் விடக் கூடாது. ஹாரன் கேட்காத நாயைச் சாலையில் காப்பாற்ற வேறு வழியில்லை. கேட் எந்நேரமும் திறந்து கிடக்கும் வீடு, ஆட்கள் வந்துபோய்க் கொண்டே இருக்கும் கடை வீடு ஆகியவற்றுக்கு இந்த நாய் வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மற்றபடி, பயிற்சியில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு இதைவிட மனநிறைவு தரும் நாய் இல்லை; உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாயின் கவனம் வேறு எந்த நாயிடமும் கிடைக்காது. தீபாவளி இரவிலும் நிம்மதியாகத் தூங்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மூன்று கால் | பின்னங்கால் வாதம் | கண் தெரியாதது | காது கேளாதது |
|---|---|---|---|---|
| குறை முடிந்ததா | பெரும்பாலும் ஆம் | இல்லை, தினமும் வேலை | காரணத்தைப் பொறுத்தது | ஆம் |
| பகலில் ஆள் | தேவையில்லை | கட்டாயம் | சில மணி நேரம் தனியே இருக்கும் | பயிற்சிக் காலத்தில் மட்டும் |
| மாடி வீடு | முன்னங்கால் இல்லையென்றால் கடினம் | லிப்ட் இல்லாமல் முடியாது | கம்பி, படி சரிசெய்தால் முடியும் | முடியும் |
| ஊருக்குப் போகும்போது | விடுதியில் விடலாம் | பழகிய ஆள் வேண்டும் | வீட்டிலேயே ஒருவர் வந்து பார்ப்பது நல்லது | சைகை தெரிந்தவர் வேண்டும் |
| மறைந்த செலவு | முதுமையில் மூட்டு | டயபர், தொற்று, புண் | தொடரும் கண் நோய் | உங்கள் பயிற்சி நேரம் |

## வீட்டுக்கு எடுக்காமல் பொறுப்பேற்பது

இது ஐந்தாவது வழி. குறைந்த வழியும் அன்று. பல காப்பகங்கள் குறிப்பிட்ட ஒரு நாயின் மாதச் செலவை ஏற்றுக்கொள்ள அனுமதிக்கின்றன. வாதம் வந்த நாய்களுக்கு டயபரும் கையுறையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இடைவிடாமல் தேவைப்படுவதால், திடீரென வரும் பெரிய நன்கொடையைவிட மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகை அவர்களுக்கு அதிகம் உதவும். வாரம் ஒரு முறை போய்க் குளிப்பாட்டி, புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதும் இதில் சேரும். மதியம் ஒரு மணிக்கு வீட்டில் கை இல்லாதவர் அந்த நாய்க்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

## மேடவாக்கத்துத் தம்பதியருக்குச் சொன்னது

லிப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்பதால் முன்னங்கால் இல்லாத நாயை முதலில் விலக்கினோம். அதே நாய் தரைத்தள வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நான் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை வீடு பூட்டியிருப்பதால் வாதம் வந்த நாயும் இயலாது. அதன் டயபர் செலவை மாதந்தோறும் ஏற்பதாக அவர்களே முடிவு செய்தார்கள். டால்மேஷியனுக்குப் பயிற்சி கொடுக்க மகளுக்கு ஆசை. ஆனால் அது ஓட்டம் மிகுந்த இனம். தினமும் ஒரு மணி நேரம் கயிற்றோடு நடத்திச் செல்ல யாருக்கும் நேரமில்லை. மிஞ்சியது கண் தெரியாத நாய். அதன் விழிகள் இரண்டும் ஓராண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டுத் தையல் ஆறியிருந்தது. ஆறு வயது, அமைதியான குணம், பகலில் தூங்கும் பழக்கம். பால்கனிக் கம்பிக்கு வலை அடித்து, படி முனைக்குச் சிறு கதவு வைத்த பிறகு, இரண்டு வாரத் தற்காலிகப் பராமரிப்பாக எடுத்துப் போனார்கள்.

இந்த இரண்டு வாரச் சோதனையைக் காப்பகத்தில் கேட்டு வாங்குங்கள், எந்த நாயானாலும். அதற்கு முன் வாரநாள் ஒன்றில், கூட்டமில்லாத நேரத்தில் மூன்று முறையாவது போய் வாருங்கள். வாதம் வந்த நாய் என்றால் உங்கள் கையால் சிறுநீர் எடுத்துப் பாருங்கள், வெறுமனே பார்த்துவிட்டு வராதீர்கள். தினமும் அதற்குச் சோறு வைப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். எந்தப் பக்கம் படுக்கும், எந்தச் சத்தத்துக்கு மிரளும், கடைசியாகப் புண் எப்போது வந்தது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்காது, அவருக்குத் தெரியும். கிளம்பும்போது நாய் படுத்திருந்த பழைய சாக்கையோ போர்வையையோ கேட்டு வாங்கிக்கொண்டு போய், முதல் ஒரு வாரம் துவைக்காமல் அப்படியே விரித்து வையுங்கள்.